அழிக்குமுன் படிக்கவும்

அன்று காலை எழுந்ததும், செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் எல்லாரும் செய்வதைத்தான் செங்கமலமும் செய்தாள். காற்றழுத்தம் பார்த்தாள். தண்ணீர்ப் பங்கு பார்த்தாள். தன் நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் அழிந்திருக்கின்றன என்று பார்த்தாள். பதினேழு.

குடியிருப்பு முழுவதற்கும் ஒரே பொது நினைவகம்தான். இடம் நெருக்கும்போதெல்லாம் காப்பக இயந்திரங்கள் எதையாவது அழிக்கும். மற்ற நாட்களில் அவள் இரண்டு முணுமுணுப்போடு விட்டிருப்பாள். ஆனால் அன்றைய பட்டியலில் அவளுடைய அம்மாவின் நாட்குறிப்பு இருந்தது. முதல் கப்பலில் வந்து, நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தபடி அம்மா முப்பது ஆண்டுகள் எழுதியது.

"எங்கம்மா எழுதுனத அழிக்க இவனுக யாரு?"

"போனது போயிருச்சு. கத்தி என்ன ஆகப்போகுது?" என்றான் கணவன் இருளப்பன்.

"மிச்சத்தையும் முழுங்கட்டும்னு கையக் கட்டிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

கல்குவாரியில் லேசர் வெட்டுப்பொறி இயக்குபவள் அவள். கழித்துக்கட்டிய சிறு பொறி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளங்கை அகலக் கண்ணாடியில் எழுத்துகளைப் புள்ளிகளாகப் பொறிக்கும்படி மாற்றினாள். அப்படிப் பொறித்த ஒளித்தட்டை எந்தக் காப்பகமும் அழிக்க முடியாது, உடைத்தால்தான் உண்டு. நூலகத்தில் மிச்சம் பதினோராயிரம் புத்தகங்கள். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு தட்டு பொறித்தாள், காப்பகத்துக்கு ஒரு புகார் எழுதினாள். நாற்பது நாட்களாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவிலும் காப்பகத்தைத் திட்டினாள்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை காப்பக இயந்திரம் ஒன்று வாசலில் வந்து நின்றது. இடுப்புயரம், சாம்பல் நிறம். செங்கமலம் இரும்புக் கம்பியோடு குறுக்கே நின்றாள்.

"தட்டுல கை வச்சே, நட்டு நட்டாக் கழட்டிருவேன்!"

"தட்டுகள் உங்களுடையவை. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றது இயந்திரம். "புகார்களுக்குப் பதில் சொல்ல வந்தேன். பத்து ஆண்டுகளாக யாரும் திறக்காதவற்றை மட்டுமே அழிக்கிறோம். நாட்குறிப்பை நீங்கள் கடைசியாகத் திறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று அறிவிப்புகள் அனுப்பினோம்."

அறிவிப்புகளை விரலால் ஒதுக்கித் தள்ளியது அவளுக்கு நினைவு வந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"திறந்தா என்ன, திறக்காட்டி என்ன? எங்கம்மாவோடது! இருக்குங்கிற தைரியத்துல இருந்தேன். அது போதாதா?"



"எதை அழித்தாலும், அதற்குமுன் முழுவதும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பது எங்கள் விதி" என்றது இயந்திரம். " நாட்குறிப்பைப் படித்தது நான்தான். உங்கள் புகார் முடியும்வரை அது என் நினைவில் இருக்கும். பதில் சொல்லிவிட்டதால் இன்று மாலையோடு போய்விடும். நீங்கள் பிறந்த நாளைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். அன்று புழுதிப்புயல், மின்சாரம் இல்லை. சொல்லட்டுமா?"

அவள் கையிலிருந்த கம்பி தாழ்ந்தது. ஒரு கணம்தான்.

"சொல்லிட்டு நீ போயிருவ. எல்லாம் காத்தோட போயிரும். வா இங்க!" இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பொறியின் முன் நிறுத்தினாள். "இதுகிட்டச் சொல்லு. ஒரு வரி விடக் கூடாது. எல்லாம் தட்டுல ஏறணும்."

"நீங்கள் கேட்கவில்லையா?"

"எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. பெறகு ஆற அமரப் படிச்சுக்கிறேன்."

புதுத் தட்டு சுழலத் தொடங்கியது. இயந்திரம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த இருளப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தான். செங்கமலம் வெற்று உறை ஒன்றில் 'அம்மா' என்று எழுதி வைத்துவிட்டு, காப்பகத்தைத் திட்டிக்கொண்டே வேலைக்குக் கிளம்பினாள்.

அதற்குப் பிறகு அவள் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தாள். அந்தத் தட்டு கடைசிவரை பத்திரமாக இருந்தது. உறைகூடக் கசங்கவில்லை.