அர்ச்சுனன் நடத்திய விசாரணை

சாவு வீட்டில் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ரூபேந்திரன் பார்த்தான்.

செடெனாக்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டை ஒட்டிய பழைய பலகை வீடு. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் அர்ச்சுனன் படுத்திருந்தான். தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணிக்கட்டு. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து இன்னொன்று. பன்னீரும் ஊதுவத்தியும் வாடிய ரோஜாவும் கலந்த வாடை அந்த மதிய வெக்கையில் கெட்டியாக நின்றது.

அர்ச்சுனனின் மனைவி சந்திரமதி, ரூபேந்திரனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"ஆபீசுல மனுஷன்னா ரூபன் ஒருத்தன்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே. கடைசி வரைக்கும் அதத்தான் சொன்னாரு."

இந்த இடத்தில் சாதாரண மனிதனாயிருந்தால் கூசிப்போயிருப்பான். ரூபேந்திரன் பணிவாகத் தலையாட்டினான்.

கதை இதுதான். இருவருக்கும் பெக்கான் நானாஸ் என்ற ஊரில், அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. அர்ச்சுனன் பழம் வெட்டும் பகுதிக்குச் சூப்பர்வைசர். ரூபேந்திரன் ஆளெடுக்கவும் அனுப்பவும் இருக்கிற எச்.ஆர். பகுதியில். அர்ச்சுனனுக்குக் கொஞ்ச நாளாகக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதயத்தில் கோளாறு என்றார் டாக்டர். அதை அவன் ரூபேந்திரனிடம் மட்டும் சொன்னான். மகள் கல்யாணம் முடிகிற வரை வெளியே தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி சிங்கப்பூர்க்காரர் கைக்கு மாறியது. ஆள்குறைப்பு வந்தது. எச்.ஆர். பகுதியிலேயே இரண்டு நாற்காலி. ஒன்றில் ரூபேந்திரன், மற்றதில் தேன்மொழி. ஒரு நாற்காலிதான் மிஞ்சும் என்று பேச்சு. தன் விசுவாசத்தைக் காட்ட ரூபேந்திரனிடம் வேறு சரக்கு இல்லை. மேலாளர் செந்தூரனின் அறைக்குப் போனான், கதவைச் சாத்தினான், நண்பனின் இதயத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். கத்தி சுழலும் இடத்தில் மயங்கி விழக்கூடிய ஆளை வைத்திருக்கலாமா சார் என்று அக்கறையாகத்தான் கேட்டான்.

அர்ச்சுனனுக்கு வேலை போனது. விடைபெறும் நாளில் ரூபேந்திரன் அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். கண்ணீர்கூட வந்தது, ஆள் கெட்டிக்காரன். மகள் கல்யாணம் தள்ளிப்போனது. அடுத்த மாதமே அர்ச்சுனனும் போய்ச் சேர்ந்தான்.

சாவு வீட்டிலிருந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட வேண்டும். அந்த முறையை ரூபேந்திரன் சரியாகவே செய்தான். அடுத்த முறையில்தான் கோட்டை விட்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் எந்த வாசற்படியையும் மிதிக்கக் கூடாது. ஆனால் அன்று பிற்பகல் செந்தூரன் ஒரு கூட்டம் வைத்திருந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால் தேன்மொழி தனியாக அவர் எதிரில் உட்கார்ந்திருப்பாள். விடுவானா? கோவிட் காலத்திலிருந்து காரில் கிடந்த கைகழுவும் திரவத்தை உள்ளங்கையில் பிதுக்கித் தேய்த்துக்கொண்டு நேராக ஆபீசுக்கு வண்டியை விட்டான். அது கிருமிக்கு வேலை செய்யும் என்றுதான் புட்டியில் போட்டிருந்தது. மற்றதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

மறுநாள் மதியம். எல்லோரும் கேண்டீனுக்குப் போயிருந்தார்கள். கீழே இயந்திரங்கள் நின்றுவிட்டன. பழத்தோல் புளிக்கிற இனிப்பு வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

பிறகு அது நின்றது. பன்னீர் வாசம் வந்தது.

நடைபாதையில் ஒரு சத்தம்.

தொப்.

யாரோ மூட்டையைத் தூக்கிப் போடுவதுபோல.

தொப்… தொப்…

ஒரு காலடிக்கும் மறு காலடிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி அதில் இல்லை. இரண்டு பாதமும் ஒன்றாகத்தான் விழுந்தன. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டால் வேறு எப்படி நடப்பது?

கதவு திறந்தது. அர்ச்சுனன் துள்ளித் துள்ளி உள்ளே வந்து, எதிர் நாற்காலியில் மூச்சு வாங்காமல் உட்கார்ந்தான். மூச்சு இருந்தால்தானே வாங்குவதற்கு. தாடைக்கட்டை ஒரு விரலால் தளர்த்திவிட்டுக்கொண்டான்.

"சாப்பிட்டியா மச்சான்?"

ரூபேந்திரன் நாற்காலியோடு சுவர் வரை பின்னுக்கு நகர்ந்தான்.

அர்ச்சுனன் குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். எவனோ ஒட்டுக் கேட்டிருக்கான். யாருன்னு தெரியாம எனக்குப் போக முடியல லா. இங்க உன்னை விட்டா நான் யாரை நம்புறது?"

ரூபேந்திரன் அந்தக் கண்களைப் பார்த்தான். அவற்றில் கோபமே இல்லை. பழைய சிநேகம் அப்படியே இருந்தது. அதில்தான் அவனுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

பயந்திருந்தாலும் புத்தி வேலை செய்தது. எந்த நாற்காலி காலியானால் தனக்கு நல்லது என்று அந்த நேரத்திலும் அதற்குத் தெரிந்திருந்தது.

"தேன்மொழி," என்றான்.

அர்ச்சுனன் நன்றி சொல்லிவிட்டு எழுந்தான்.

அன்று மாலையே தேன்மொழியின் கார் பொந்தியான் சாலையில் ஒரு லாரிக்கு அடியில் போயிற்று. பின் இருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டியதாக, பக்கத்தில் மோட்டார்சைக்கிளில் வந்தவர் போலீசில் சொன்னாராம்.

மறுநாள் மதியம் மீண்டும் பன்னீர் வாசம்.

தொப்… தொப்…

அதன் பின்னால், கொஞ்சம் தள்ளி, குதிகால் செருப்பு ஒன்றின் டக் டக் ஒலி. அது கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

அர்ச்சுனன் உட்கார்ந்தான். முகத்தில் வருத்தம். "அவ இல்ல மச்சான். நான் ஒண்ணும் பண்ணல, கேக்கத்தான் போனேன். பயந்துட்டா. அப்புறம் சாவகாசமா உட்கார வெச்சுக் கேட்டேன். இல்லவே இல்லேங்கிறா. செத்தவங்க பொய் சொல்ல முடியாது, தெரியுமில்ல? வாயில வராது."

ரூபேந்திரனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொண்டான்.

"அவ பேரை யார் எனக்குச் சொன்னதுன்னு கேட்டா. நான் சொல்லல." அர்ச்சுனன் மேசைமேல் கையை நீட்டி ரூபேந்திரனின் கையைத் தட்டிக்கொடுத்தான். பனிக்கட்டி மாதிரி இருந்தது. "கூட்டாளின்னா கூட்டாளிதான்."

பிறகு கொஞ்சம் யோசித்தான். வேலையை விட்டுத் தூக்கியவர் செந்தூரன்; எனவே விஷயம் அவர் காதுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவரைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் உயிரோடு இருக்கிறவர் மேலாளர். மேலாளர் வாயில் பொய் வரும். ஆகவே அவருக்கு நேரம் வருகிற வரை காத்திருக்கிறேன், எனக்கொன்றும் அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, செந்தூரனின் அறை வாசலில் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

செந்தூரனுக்குப் பெருத்த உடம்பு, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய். காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பத்து மணிக்கு நெய் வழியும் பரோட்டாவான ரொட்டி சானாய். அவர் செத்தால் பொய் சொல்ல மாட்டார்.

அன்றிலிருந்து ரூபேந்திரன் அவருக்குத் தாயானான். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தான். தேத்தண்ணீரில் சர்க்கரையைத் தடுத்தான். படியிறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பொரித்த கோழியைத் தட்டிலிருந்து எடுத்துத் தானே தின்றான். அவர் ஒருமுறை தும்மியதற்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. 'பாஸுக்குச் சின்ன வீடு' என்று பேரே வைத்துவிட்டார்கள். அவன் கவலைப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த அறைக்குள் நுழையும்போது சுவரோரம் நிற்கிறவன் அவனைப் பார்த்துப் புன்னகைப்பான். ரூபேந்திரனும் புன்னகைக்க வேண்டும். அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது.

ஒருநாள் செந்தூரன் அவனை உட்காரச் சொன்னார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

எச்.ஆர். வேலைகளை இனிச் சிங்கப்பூரிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். வருத்தமாயிருக்கிறது என்றார். வருத்தமாயிருக்கிற முகம் இல்லை அது. ரூபேந்திரன் தன் உழைப்பைச் சொன்னான், விசுவாசத்தைச் சொன்னான், மாத்திரையைச் சொன்னான். கையிரண்டையும் கூப்பினான்.

"சார், கதவைச் சாத்திட்டுப் பேசலாம் சார்."

"எதுக்கு? இதுல ரகசியம் என்ன இருக்கு?" செந்தூரன் சாய்ந்து உட்கார்ந்தார். "பாருங்க ரூபேந்திரன். அர்ச்சுனன் உங்களுக்கு உயிர்க் கூட்டாளி. அவரோட நோயை நீங்களே வந்து என்கிட்டப் போட்டுக் கொடுத்தீங்க. அப்படிப்பட்ட உங்களை நான் எந்த நம்பிக்கையில வெச்சுக்கிறது, சொல்லுங்க."

மேலாளர்கள் உயிரோடு இருக்கும்போதும் சில சமயம் உண்மை பேசிவிடுகிறார்கள்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

ரூபேந்திரன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். கதவு உடையும் என்று காத்திருந்தான். கழுத்தில் குளிர்ந்த கைகள் விழும் என்று காத்திருந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

எழுந்து வெளியே வந்தான். சுவரோரம் அர்ச்சுனன் நின்றுகொண்டிருந்தான். புன்னகை இல்லை. திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "மச்சான்," என்றான் ரூபேந்திரன். அர்ச்சுனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பன்னீர் வாசம் வரவில்லை. ரூபேந்திரன் தலைக்கு ஊற்றிக்கொண்டான், மஞ்சள் நீரும் தெளித்துக்கொண்டான். விட்டது சனி என்று நினைத்தான். வீட்டில் அவன் பயமில்லாமல் தூங்கினான்.

கூலாயில் ஒரு கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். நல்ல காலை வெயில். கேள்வி கேட்டவள் சாந்தினி என்ற அம்மாள், கலகலப்பானவள். அவன் பதில்களெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தன. எப்போது வேலையில் சேர முடியும் என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தாள்.

உயரமான ஒருவர் குனிந்து காதில் ஏதோ சொன்னால் எப்படிச் சாய்ப்போமோ, அப்படி.

"ம்," என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "அப்படியா?" என்றாள், காற்றிடம். சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாக வடிந்தது. பேனாவை மூடி வைத்தாள். காதோரம் பன்னீர் மணக்கும் ஈரத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு ரூபேந்திரனை நிமிர்ந்து பார்த்து, மரியாதை குறையாத குரலில் கேட்டாள்:

"உங்களை ரொம்ப நல்லாத் தெரிஞ்சவரு போலருக்கே. வெளியிலயும் நாலஞ்சு பேருகிட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள வந்தாராம். எத்தனை கம்பெனிக்கு இவரைக் கூட்டிக்கிட்டு அலையிறீங்க?"