இரண்டாம் முறை பூசிய எண்ணெய்

மதியம் 2.10. ஆஸ்பத்திரியின் பன்னிரண்டாம் அறையில் அவர் இறந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் நர்ஸ். மூன்று வருடமாகக் கை கால் அசையாமல், பேச்சும் இல்லாமல், வயிற்றுக் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருந்த மனிதர். போய்ச் சேர்ந்தார் என்று விட்டிருப்பார்கள். டாக்டர் விடவில்லை. உடம்பு சீராக இருக்கிறது என்று காலை ஒன்பது மணிக்குத்தான் எழுதியிருந்தார்.

3.00. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். பேச்சில் சிக்கனம், பார்வையில் தாராளம். உணவுக் குடுவையின் அடியில் கரையாத மாத்திரைத் துண்டு. தூக்க மாத்திரை என்றார் டாக்டர். நர்ஸின் அலமாரியில் அந்த வகையே கிடையாது. பதினோரு மணிக்குக் கரைத்து வைத்த உணவை அவள் பன்னிரண்டுக்குக் குழாயில் ஊற்றியிருக்கிறாள். இடையில் அறைக்குள் இருந்தவர்கள் மனைவி, தம்பி, பங்குத்தந்தை.

தம்பி மேல்தான் எல்லோருக்கும் கண். குழாயை எடுத்துவிடலாம் என்று ஒரு வருடமாக மல்லுக்கு நின்றவன் அவன். விடவே மாட்டேன் என்றவள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் பிணத்தின் நெற்றியையே பார்த்தார். எண்ணெய் மினுமினுப்பு. பங்குத்தந்தையிடம் கேட்டார். நோயில்பூசுதல், கடும் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு என்றார் அவர். போன வாரமும் பூசினாராம். உடம்பு மோசமானால்தான் மறுபடி பூசுவது. மோசமாகிவிட்டது, உடனே வாருங்கள் என்று காலை ஒன்பது மணிக்கு மனைவிதான் போன் செய்திருக்கிறாள்.

4.20. "டாக்டர் நல்லா இருக்கார்னு சொன்ன அதே நேரத்துல நீங்க ஃபாதரைக் கூப்பிட்டிருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னிக்கு அவர் போகப்போறார்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

மனைவி கைப்பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள். அவளுக்கே எழுதிக் கொடுத்த மாத்திரை.

"சாப்பாட்டை நிறுத்துறது பாவம்னு ஃபாதர் சொன்னார். நான் ஒருநாளும் நிறுத்தல. பூசாம அனுப்பவும் மனசு வரல."

"சாகணும்னு அவர் கேட்டாரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரால எப்படிக் கேக்க முடியும்? கண்ணுல தண்ணி வழியும். கேக்குறார்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டருக்கு வழக்கு முடிந்தது. முடிந்ததில் அவருக்குத் துளியும் சந்தோஷமில்லை.

பங்குத்தந்தை அருகே வந்து, பாவத்தைச் சொல்லிவிடு, இப்போதே பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன் என்றார்.

"வருத்தப்பட்டாத்தானே ஃபாதர் மன்னிப்பு? எனக்கு வருத்தம் வரலையே."

"வரும்போது சொல்லியனுப்பும்மா. எங்க இருந்தாலும் வரேன்."

"வராமலே போயிட்டா?"