டிக்கி மேல் பத்து விரல்

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஜபருல்லாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பழைய போலீஸ்காரர் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள். பாவம், அவர் முப்பத்தோரு வருஷம் ஒரு பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பம்புக்குள் போகிற சாஃப்ட்டைக் கையில் வாங்கி, இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைப்பதுதான் உத்தியோகம். ரிட்டையரான பிறகு, வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லித் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார். அவர் மனைவி ரம்ஜான் பீவி விடவில்லை. சாஃப்ட்டில் மயிரிழை கோணலைக் கண்டுபிடித்த மனுஷனுக்கு ஆளில் இருக்கிற கோணல் தெரியாமல் போகுமா என்பது அவள் கட்சி. அந்த வீட்டில் என்றைக்கும் அவள் கட்சிதான் ஆளுங்கட்சி.

அப்படித்தான் 1996 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை காலையில் அங்கப்பன் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கருமத்தம்பட்டித் தறிக்காரர்களுக்கு நூல் விற்கிற வியாபாரி. நாற்பத்திரண்டு வயது, வீடு செல்வபுரம். பீவி கொடுத்த டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துபோனார்.

"ஏனுங்க பாய், என்ற காரைப் பேய் புடிச்சுக்கிச்சுங்க," என்றார்.

பீவி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். பேய்க் கேஸ் இதுவரை வந்ததில்லை.

கார் ஒரு மோரிஸ் மைனர். கோபிசெட்டிபாளையத்தில் வெள்ளியங்கிரி என்ற டாக்டர் ஓட்டியது. அவர் காலமான பிறகு இருபது வருஷம் தென்னந்தோப்பில் நின்று, கோழிகள் முட்டையிடப் பயன்பட்டது. அங்கப்பன் அதைத் தேடிப்போய் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. 1954-இல் அவருடைய அம்மாவுக்கு வலி கண்டபோது, டாக்டர் அந்தக் காரில் ஏற்றிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு வந்தார். கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் பின் சீட்டிலேயே அங்கப்பன் பிறந்துவிட்டார். பின் சீட்டிலேயேவா என்று பீவி மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

நான்கு மாதமாக வீட்டுப் போர்டிகோவில் வேலை நடக்கிறது. எஞ்சினைக் கழற்றிக் கணபதி ஏரியாவில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, அது தயாராகி ஒரு மாதமாயிற்று. ஆனால் எஞ்சின் உள்ளே வந்தால் நான் வெளியே போகிறேன் என்று மனைவி சென்னியம்மாள் சொல்லிவிட்டாள். அங்கப்பன் மனம் தளராமல் காலையும் மாலையும் எமெரி பேப்பர் போட்டுத் தேய்த்தார். துருவெல்லாம் போய்த் தகடு பளபளவென்று வெளியே வந்தது. அதன்மேல் பிரைமர் அடித்துவிட்டால் துரு கிட்டே வராது. அதை அடிக்க வேண்டிய டிங்கர் திருமலைசாமியோ, தினமும் காலையில் வந்து கொஞ்சம் தட்டிவிட்டு, பிரைமர் நாளைக்கு என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்.

அந்த ஒரு மாதத்தில்தான் கை வந்தது. டிக்கியின் மேல் இரண்டு உள்ளங்கை, பத்து விரல், அத்தனையும் துருவில். சாயங்காலம் சுத்தமாக இருந்த தகட்டில் விடிந்து பார்த்தால் கை. தேய்த்து அழித்தால் நாலைந்து நாளில் மறுபடியும் அதே கை. மாடியில் குடியிருக்கும் வெங்கடபதி இறங்கி வந்து பார்த்து, காரை விட்டுப் போக மனசில்லாமல் டாக்டரின் ஆவிதான் தொட்டுப் பார்க்கிறது என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான், சென்னியம்மாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியோடு வரும்படி பழைய இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"நான் பொறந்த எடத்தைக் கிலோ கணக்குல போடறேங்கறாளுங்க," என்றார் அங்கப்பன். அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பீவி, கையில் ஆறிப்போயிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தாள்.

ஜபருல்லா எழுந்தார். உள்ளே போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, கம்பெனி ஞாபகமாக வைத்திருந்த உள்ளங்கை அகலத் தகடுகள் நான்கை எடுத்தார். கிரைண்டிங் போட்ட தகடுகள், முகம் தெரியும். அவற்றின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பீவியின் நாலடுக்கு டிபன் கேரியரைக் கேட்டார். அவள் முறைத்துக்கொண்டே கொடுத்தாள்.

செல்வபுரம் போய்ச் சேர்வதற்குள் பீவி கேஸை முடித்துவிட்டாள். டிங்கர்தான். துரு வந்தால் மறுபடி வேலை, வேலை இருந்தால் மறுபடி கூலி. ஜபருல்லா இருக்கலாம் என்றார். அவர் இருக்கலாம் என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷத்துக் குடித்தனத்தில் அவளுக்கு அது தெரியாதா?

போர்டிகோவில் கார் கேட்டைப் பார்த்து நின்றது. ஜபருல்லா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். டிக்கியில் இருந்த கைகளின் விரல்கள் மேலே பார்த்து விரிந்திருந்தன. உள்ளங்கையின் அடிப்பக்கம் மட்டும் அதிகமாகச் சிவந்திருந்தது. பிறகு அவர் முன்னால் போய்க் குனிந்தார். அங்கே பானெட் விளிம்பில் மங்கலாக இன்னும் இரண்டு கைகள் இருந்தன. அதை வீட்டில் யாருமே கவனித்திருக்கவில்லை. பீவி நோட்டில் எழுதினாள்: பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு. பேய் ஒன்று அல்லது இரண்டு.

முன் டயரில் எலுமிச்சம்பழத் தோல் ஒன்று விதையோடு அப்பிக் கிடந்தது. சென்னியம்மாள்தான் செவ்வாய்க்கிழமை குங்குமம் தடவி டயருக்கு ஒரு சாண் முன்னால் வைத்தாளாம். மறுநாள் பார்த்தால் பேய் மிதித்து நசுக்கியிருக்கிறது. ஜபருல்லா அந்தத் தோலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காரைப் பற்றிச் சென்னியம்மாளிடம் கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தாள். ஊட்டுக்கு யாரும் வரமுடியவில்லை. புள்ளைகள் சைக்கிள் நிறுத்த இடமில்லை. சிறுவாணி ஆற்று நல்ல தண்ணீர்த் தொட்டியின் மூடிமேலேயே வண்டியைக் கொண்டாந்து நிறுத்தியதில் இந்தக் கோடைக்குத் தொட்டி கழுவ முடியவில்லை. நாலு நாளைக்கு வரவேண்டிய தண்ணீர் மூன்று நாளில் தீர்ந்துபோகிறது, இந்த மனுஷன் காரைக் கழுவுகிறார். அங்கப்பன் காரைத் தண்ணீரால் கழுவவே இல்லை என்று சத்தியம் செய்தார். குடித்தனக்காரர்களுக்கே தினம் இரண்டு குடம் சிறுவாணிதான் அளந்து விடுகிறேன், மற்றதுக்கெல்லாம் போர்வெல் உப்புத் தண்ணீர்தான், அப்படிக் கட்டிக் காத்தும் இந்தக் கதி என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

வெங்கடபதி மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க்காம், அந்த வாரம் லீவு. தும்பைப்பூவாய் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கசங்கிய கைக்குட்டை. ஜபருல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மத்தியானம் இரண்டு, இரண்டரைக்குக் கார் கிறீச்சென்று முனகுவதைத் தம் காதால் கேட்டதாகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும்போது தனக்கும் அது கேட்டதாகச் சென்னியம்மாள் நடுங்கினாள். காரை அனுப்பிவிடுவதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று வெங்கடபதி உருக்கமாகச் சொன்னார். ஜபருல்லா தம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் பீவி மாடிக்குப் போய்விட்டாள். வெங்கடபதியின் மனைவி பங்காரம்மா துவைக்கிற கல்லில் நின்றுகொண்டிருந்தாள். பேயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியைப் பற்றித்தான் பேசினார்கள். திரும்பி வரும்போது பீவிக்குப் பொறாமை தாங்கவில்லை. பங்காரம்மா போடுவதும் தன் வீட்டில் போடுகிற அதே பார் சோப்புதான், அவளுக்கு மட்டும் முழங்கை வரைக்கும் நுரை, வேட்டியெல்லாம் கண்ணைப் பறிக்கிறது என்று புலம்பினாள். எவ்வளவு நுரை என்று ஜபருல்லா திரும்பக் கேட்டார். எரிச்சலோடு முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

கிளம்புமுன் அவர் டிபன் கேரியரைத் திறந்து, அங்கப்பன், சென்னியம்மாள், திருமலைசாமி, வெங்கடபதி நாலு பேரையும் ஆளுக்கொரு தகட்டில் கையை அழுத்தச் சொன்னார். வந்தது பேயா மனுஷனா என்று தகடு சொல்லிவிடும் என்றார். வெங்கடபதிதான் முதலில் கையை நீட்டினார். ஆளுக்கொரு அடுக்காகத் தகடுகளை வைத்து, பெயர் எழுதி ஒட்டி, கேரியரைப் பூட்டிக்கொண்டு வந்தார். இனி அதில் சோறு போடமாட்டேன் என்று பீவி சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனபோது வாசலில் லாரி நின்றது. பழைய இரும்புக்காரர் கயிற்றை உதறிக்கொண்டிருந்தார். அங்கப்பன் காரின் பக்கத்தில், வீட்டில் துக்கம் விழுந்தவர்போல நின்றார். பங்காரம்மாவையும் கீழே கூப்பிட்டு எல்லாரையும் போர்டிகோவில் நிறுத்தினார் ஜபருல்லா.

"பேய்க்கு எடை கெடையாதுங்க," என்று ஆரம்பித்தார். "எலுமிச்சம்பழம் டயருல ஒட்டணும்னா சக்கரம் உருளணும். உருளணும்னா யாராவது தள்ளணும். எஞ்சின் இல்லாத வண்டி, மட்டமான தரை, ஒரே ஆளு போதும். பின்னால இருக்கற கை முன்னுக்குத் தள்ளுன கை. அதான் உள்ளங்கை அடியில அழுத்தம் சாஸ்தி. முன்னால இருக்கறது திருப்பி எடத்துல நிறுத்துன கை. அம்மணிக்குக் கேட்ட முனகல், துருப்புடிச்ச சக்கரத்தோட சத்தம்."

தள்ளினால் எதற்குத் துரு வரவேண்டும் என்று அங்கப்பன் கேட்டார்.

"சில பேரு வேர்வை அப்படிங்க. எங்க கம்பெனியில ஒருத்தர் தொட்ட சாஃப்ட்டுல மறுநாள் அஞ்சு வெரலும் செவப்பா உக்காந்திருக்கும். நல்ல மனுசன், வேற வழியில்லாமப் பேக்கிங்குக்கு மாத்துனோம்."

கேரியரைத் திறந்தார். முதல் அடுக்கில் அங்கப்பனின் தகடு, சுத்தம். அடுத்தது சென்னியம்மாள், அதுவும் சுத்தம். மூன்றாவது திருமலைசாமி. எந்நேரமும் எண்ணெய் அப்பிய கை என்பதால் தகடு கொடுத்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. டிங்கர் மீசையைத் தடவிக்கொண்டார். பீவி அவரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலாவது அடுக்கில் ஐந்து விரல்கள் சிவப்பாக விரிந்திருந்தன. வெங்கடபதி கைக்குட்டையை இரண்டு கையாலும் பிசைந்தார்.

காரைத் தள்ளி இவருக்கு என்ன லாபம் என்று அங்கப்பன் திகைத்தார். ஜபருல்லா பீவியைப் பார்த்தார். அவள் காருக்கு அடியில் இருந்த இரும்பு மூடியைப் பார்த்தாள். பங்காரம்மாவின் கையைப் பார்த்தாள். சட்டென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"உப்புத் தண்ணியில எங்கயாச்சும் சோப்பு நுரைக்குமா? எங்கூட்டுல கையே நனையாத மாதிரி இருக்கும். இந்தம்மாவுக்கு முழங்கை வரைக்கும் நுரை. வண்டியை நகத்தி, மூடியைத் தொறந்து சிறுவாணியை மொண்டிருக்காங்க."

சென்னியம்மாளுக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் முகம் மாறிவிட்டது. பேய் என்று நடுங்கியவள் போன இடம் தெரியவில்லை.

"குடிக்க எடுத்தாக்கூடப் போவுதுன்னு உட்டுருப்பேன்," என்றாள் மெதுவாக. "சிறுவாணியில துணி தொவச்சீங்களா?"

லாரிக்காரர்கூட உச்சுக் கொட்டினார். கோயமுத்தூரில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

வெங்கடபதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உப்புத் தண்ணீரில் துவைத்தால் வேட்டி பழுப்பேறிவிடுகிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது, இரண்டு குடம் எந்த மூலைக்கு? முன்பெல்லாம் மூடியைத் தூக்கினால் முடிந்தது. கார் வந்த பிறகு லீவு போட்டுத் தள்ள வேண்டியதாகிவிட்டது. துருவில் கை தெரிந்ததும் முதலில் தாமே பயந்துபோனதாகவும், பிறகு அதையே வைத்துக் காரை வீட்டைவிட்டே விரட்டிவிடலாம் என்று தோன்றியதாகவும் சொன்னார். பருப்புக்காக மூன்றாவது குடம் உண்டு, துணிக்கு ஒரு சொட்டு கிடையாது என்று சென்னியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். டிக்கியில் இருக்கிற கையை அவரே தேய்த்து எடுக்கவேண்டும், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. அங்கப்பனின் முகம் மறுபடி வாடியது. பேய் இல்லையென்றாலும் சைக்கிள் நிறுத்த இடமில்லைதானே? சென்னியம்மாள் காரை முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து தொட்டி மூடியைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று கேட்டுக்குப் போய், ஒன்றும் கொடுக்கிறதாக இல்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று லாரியை அனுப்பிவிட்டு வந்தாள்.

"கணபதிக்கு ஆள் அனுப்புங்க," என்றாள் புருஷனிடம். "எஞ்சினை இன்னைக்கே கொண்டாந்து மாட்டச் சொல்லுங்க."

அங்கப்பன் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லேசா இருக்கப்போயித்தானுங்க ஒத்தை ஆளு தள்ளிப்போட்டாரு. என்னென்ன கனமா இருக்குதோ அத்தனையும் மாட்டுங்க. அசையப்படாது."

திருமலைசாமியைப் பார்த்து, பிரைமர் எப்போது என்று கேட்டாள். நாளைக்கு என்ற சொல் அவர் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. இப்பவே என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினார்.

அங்கப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எஞ்சின், கியர் பாக்ஸ், பேட்டரி, ரேடியேட்டர், இரண்டு பம்பர், ஸ்டெப்னி. நான்கு மாதமாக மனைவியிடம் கேட்கப் பயந்து மனசுக்குள்ளேயே வைத்திருந்த பட்டியல். சென்னியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தோல் சீட்டு என்றார், தலையாட்டினாள். மேலே கேரியர் என்றார், அதற்கும் ஆட்டினாள். அப்போது அவர் துணிந்துவிட்டார்.

"அப்பறம் ரேடியோ ஒண்ணுங்க, அம்மணி."

"ரேடியோ கனமாங்க?" என்று அவள் ஜபருல்லாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பொய் என்பதே வாயில் வராத மனுஷன் என்ன சொல்லப்போகிறாரோ என்று பீவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜபருல்லா தொண்டையைச் செருமினார். அங்கப்பனின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பழைய காலத்து ரேடியோங்க," என்றார். "தூக்கறதுக்கே ரெண்டு ஆள் வேணும்."