அசல்காரரின் கொட்டகை

அன்று காலை குட்டியைப் பறிகொடுத்த ஆட்டுக்கு மடி கல்லாக விம்மியிருக்க வேண்டும். அசல்காரர் பால் கறக்க உட்கார்ந்தபோது அது வற்றித் தொங்கியது. காம்பு ஈரமாக இருந்தது. விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. பால் இல்லை, சுண்ணாம்பு.

அசல்காரர் என்பது தெரு வைத்த பெயர். தன் ஆடுகள் அசல் இனம், வெளி ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் அளப்பார். அக்கம்பக்கத்துக் கிடா எதையும் வேலியருகே அண்டவிட மாட்டார். அவரிடம் இருப்பது ஒரே கிடா. அதன் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் அதுவேதான் மாப்பிள்ளை. கால்நடைக் கண்காட்சி மேடையில் அவருக்கு மாலை. கீழ்த்தாடை இல்லாமல், காம்பைக் கவ்வ வழியில்லாமல் பிறந்த குட்டிகளுக்குக் கொட்டகைக்குப் பின்னால் சுண்ணாம்புக் குழி. சில உயிரோடே போயின. தெருவுக்குத் தெரியாது என்பது அவர் நினைப்பு.

"யாரோ பாலைத் திருடுறாங்க," என்றார் மனைவியிடம்.

"வெளிக் கிடா ஒண்ணு வாங்கி விடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அப்பனே மாப்பிள்ளை, தாத்தனே மாப்பிள்ளைன்னா வெளங்குமா?"

"கலப்படம் பண்ணச் சொல்றியா? நாளைக்கு ஆளுங்க ஆடு பார்க்க வர்றாங்க. பேரு போயிடும்டி."

"அந்தப் பேரைத்தான் ஒவ்வொண்ணா குழியில போட்டு மூடுறீங்களே."

"வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். அதுங்களால முடியலையே, பாவம்."

பொழுது சாய்ந்ததும் இன்னொரு ஆட்டுக்கு வலி கண்டது. கோணிப்பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். மூத்திர நெடியையும் நனைந்த மயிர் வாடையையும் மீறித் தொண்டையைச் சுட்டது சுண்ணாம்புக் காரம்; ஆளைக் கண்டால் கூரையைப் பிய்க்கும் ஆடுகள் ஒன்றுகூடக் கத்தாமல், பாலூட்டும் தாய்போலப் பின்னங்கால்களை அகட்டிச் சுவரோரம் நிற்க, அவற்றின் வயிற்றடி இருட்டில் சளப் சளப்பென்று சப்பும் ஓசை, கவ்வ முடியாமல் நழுவி நழுவி மறுபடி தேடும் ஓசை, கேட்டுக்கொண்டே இருந்தது.

கொட்டகையில் குட்டி என்று ஒன்றுகூட இல்லை. அவரைவிட அது யாருக்குத் தெரியும்?

"யாருடா அது?"

ஓசை நின்றது.

கிடா மெல்ல வந்து கதவில் சாய்ந்து நின்றது. அவர் தள்ளினார். அது அசையவில்லை.

தாயாடுகள் முனகத் தொடங்கின. ஈன்ற குட்டியைக் கூப்பிட மட்டுமே எழுப்பும் அடித்தொண்டை முனகல். எல்லாம் அவரையே பார்த்தபடி.

சில்லென்று ஏதோ விரலைத் தேடியது. பல் இல்லை. நாக்கு மட்டும். இன்னொன்று முழங்காலில். கோணிப்பை நழுவியது. விழுந்தார். மார்பில் ஏறின. கழுத்தில். உதட்டில்.

சப்பின. சுட்டது.

கத்தப் பார்த்தார். மேல்வாய் மட்டுமே மிச்சம் இருந்தது.

அன்று காலை குட்டியைப் பறிகொடுத்த ஆடு அருகே வந்தது. அவர் முகத்தை நக்கியது. அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து கீழாக, ஈரம் போகும்வரை. பிறகு மூக்கால் முட்டி முட்டி, அவரைத் தன் மடிக்கு நகர்த்தியது.

பின்னால் மற்றத் தாய்கள், மடி சொட்டச் சொட்ட, முறைக்குக் காத்து நின்றன.