சுபாஷுக்குப் பத்து நிமிடம்

சுபாஷ் மறுபடியும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, பல்லைக் கடித்தான். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

"என்னடா பண்றே?" என்று கேட்டாள் பூங்கொடி.

"ஒண்ணும் பண்ணல. நீ அந்தப் பக்கம் பாரு."

"ஆய் வருதா?"

"வரல!" என்று கத்தினான். கத்தும்போதே கண்ணில் நீர் முட்டியது.

பூங்கொடி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தம்பி சுபாஷுக்கு நான்கு வயது. அவன் ஆய் போய் நான்கு நாள் ஆகிவிட்டது. கடைசியாகப் போனபோது கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. "எரியுது, எரியுது" என்று அன்று முழுக்க அழுதான். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே சிலிண்டருக்குப் பின்னால் ஓடிவிடுவான். இப்போது வயிறு கெட்டியாக இருந்தது. இட்லியைக்கூட வேண்டாம் என்றான்.

அவர்கள் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். ஒரே வரிசையில் ஆறு வீடுகள். ஆறு வீட்டுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு கழிப்பறை. அப்பா ரத்தினவேலுக்குப் பர்கூரில் கிரானைட் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அம்மா வீரலட்சுமி துணி தைக்கும் கம்பெனிக்குப் போகிறாள். காலை ஏழே காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும்.

புதன்கிழமை மாலை அம்மா வந்ததும் பூங்கொடி விஷயத்தைச் சொன்னாள். சுவரையொட்டிய அடுத்த வீட்டிலிருந்து மங்கம்மா அக்கா எட்டிப் பார்த்தார். சுபாஷை அவர் 'பாபு' என்றுதான் கூப்பிடுவார்.

"அய்யோ, பாபுக்கு இன்னும் போகலையா? வெத்தலக் காம்புல வெளக்கெண்ணெ தடவி வச்சுடு வீரா. ரெண்டே நிமிசம்!"

எங்கே வைப்பார்கள் என்பது சுபாஷுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நொடி அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தான்.

"வேணாங்க்கா. ஏற்கெனவே பயந்து கெடக்கான். டாக்டர்ட்டயே காட்டிருவோம்" என்றாள் அம்மா.

சாயங்காலமும் திறந்திருக்கும் அரசு நலவாழ்வு மையத்துக்கு மூவரும் போனார்கள். டாக்டர் சுசித்ரா சுபாஷின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"சுபாஷ், ஹைவேல ஒரு லாரி ரிப்பேராகி நின்னா என்னாகும்?"

"பின்னாடி எல்லாம் நிக்கும். பாம் பாம்னு கத்தும்."

"உன் வயித்துலயும் அதேதான். முன்னாடி நிக்கிறது கல் லாரி. வலிக்குமேன்னு நீ அடக்கற. அடக்க அடக்க இன்னும் கல்லாகுது. அதனால இன்னும் வலிக்குது. இந்த மருந்து அதை மெத்துனு ஆக்கிடும். ஆனா கேட்டை நீதான் தெறக்கணும்."

பிறகு அம்மாவிடம் சொன்னார்: "காம்பு, சோப்பு ஒண்ணும் வைக்காதீங்க. பாலையும் பிஸ்கட்டையும் கொறைங்க. கீரை, பப்பாளி, கொய்யா எல்லாம் குடுங்க. தண்ணி நெறைய குடிக்கட்டும். முக்கியமா, தினமும் சாப்பிட்டதும் பத்து நிமிசம் பாத்ரூம்ல உக்கார வைங்க. திட்டக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது. வாந்தி எடுத்தா, வயிறு வீங்கினா உடனே வாங்க. இல்லன்னா அடுத்த புதன் வாங்க. அப்பவும் அடக்கிட்டே இருந்தான்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும்."

சுபாஷ் அக்காவின் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் அம்மா பெருமூச்சு விட்டாள். "பத்து நிமிசமாம்ல. நம்ம லைன்ல பத்து நிமிசம் யாரு குடுப்பா?"

"நான் பாத்துக்கறேன்மா" என்றாள் பூங்கொடி.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனமில்லை.

மருந்தை அன்றிரவே அம்மா கொடுத்தாள். தண்ணீர்தான் சிரமமாக இருந்தது. அங்கன்வாடிக்குக் கொண்டுபோன பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வந்திருந்தது. பூங்கொடி சற்று யோசித்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, அதைத் தரையில் உருட்டுவதுபோல் நகர்த்திக்கொண்டே வந்தாள்.

"டுர்ர்ர்... தண்ணி லாரி வந்துடுச்சு! சம்ப்பைத் தெறங்க, தொட்டியைத் தெறங்க!"

சுபாஷ் வாயை 'ஆ'வென்று திறந்தான். ஒரு மடக்கு உள்ளே போனது.

"லாரி ரிவர்ஸ் வருது..."

இன்னொரு மடக்கு. மொத்தம் மூன்று லாரி தண்ணீர் இறங்கியது.

அடுத்தது அந்தப் பத்து நிமிடம்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. கழிப்பறைக்குள் குழாய் கிடையாது. அவரவர் வாளியில் தண்ணீர் பிடித்து வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வாளி நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. தன் வாளி முதலாவதாக வந்ததும் அதன் சொந்தக்காரர் வந்து கதவை 'டப் டப்' என்று தட்டுவார். உள்ளே இருப்பவர் சீக்கிரம் வந்தாக வேண்டும். அம்மா பஸ்ஸுக்குப் போகும் முன் சுபாஷைத் தூக்கத்திலேயே எழுப்பி, அந்தக் கூட்டத்தில்தான் உள்ளே அனுப்புவாள். அவன் உட்காரும் முன்பே டப் டப்.

வியாழக்கிழமை காலை பூங்கொடி பழைய காலண்டர் தாளும் பென்சிலுமாக வாசலில் உட்கார்ந்தாள். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். மூன்றாம் வீட்டுக் கரியப்பன் மாமா ஐந்து மணிக்கே வந்து போய்விட்டார். ஆறாம் வீட்டு மணிவேல் அண்ணன் ஐந்தேகால். ஏழு மணி வரை கூட்டம். ஏழரையிலிருந்து எட்டு வரை ஒரு வாளிகூட இல்லை!

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பவே முடியவில்லை. தான் ஏதோ விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. மறுபடியும் பார்த்தாள். ஏழரையிலிருந்து எட்டு, காலிதான்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு, பப்பாளித் துண்டுகளும் இரண்டு இட்லியும் சாப்பிட்ட சுபாஷ் தன் சின்ன மஞ்சள் வாளியுடன் போனான். பூங்கொடி உள்ளே நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்துட மாட்டேனே?"

"நான்தான் புடிச்சிருக்கேன்ல."

"வலிக்குமா?"

"தெரியலடா. மருந்து குடிச்சிருக்கே, அவ்வளவா வலிக்காதுன்னு நெனைக்கறேன்."

ஆறாவது நிமிடம் கல் லாரி கிளம்பியது. சுபாஷ் "ஆ!" என்றான். பிறகு, "எரியல அக்கா, கொஞ்சூண்டுதான் வலிச்சிச்சு" என்று ஆச்சரியமாகச் சொன்னான். சனியும் ஞாயிறும்கூட நல்லபடியாகப் போயின. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் அந்தக் காலண்டர் தாளைக் காட்டினாள் பூங்கொடி.

திங்கட்கிழமை வந்தது.

அன்று சுபாஷ் தனியாக உட்கார ஒப்புக்கொண்டிருந்தான். பூங்கொடி வெளியே நின்றாள். நான்காவது நிமிடம் இருக்கும். கரியப்பன் மாமா சாப்பாட்டுப் பையும் வியர்வையுமாக, கையில் வாளியோடு ஓடி வந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் டப் டப் டப் என்று கதவு அதிர்ந்தது.

"யாருப்பா உள்ள? சீக்கிரம்! அவசரம்!"

கதவு படாரென்று திறந்தது. சுபாஷ் டவுசரைப் பாதி ஏற்றியபடி ஓடினான். வீட்டுக்குள் போய் சிலிண்டருக்குப் பின்னால் நின்று, கால்களைப் பின்னிக்கொண்டான். பூங்கொடி எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிறு ராத்திரியோடு ஷிஃப்ட் மாறும்! போன வாரம் அதிகாலையில் வேலைக்குப் போன கரியப்பன் மாமா, இந்த வாரம் இரவு ஷிஃப்ட் முடிந்து ஏழரைக்குத்தான் வந்து இறங்குவார். லைனில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். ஒரே ஒரு நாள் பார்த்து எழுதிவிட்டு, எல்லா வாரத்துக்கும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

பள்ளியில் அன்று எந்தப் பாடமும் தலையில் ஏறவில்லை. புதிய அட்டவணை போடலாமா? அடுத்த திங்கள் அதுவும் மாறிவிடும். ஆறு வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஏதாவது ஒரு அவசரம் இருந்துகொண்டுதான் இருக்கும். அப்படியானால் காலியான நேரத்தைத் தேடிப் பயனில்லை. நேரத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன மாதம் "ஸ்கூலுக்கு லேட்டாவுது, வாடா" என்று அவளே அந்தக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை.

மாலை ஐந்து மணிக்குக் கரியப்பன் மாமா தூங்கி எழுந்து, குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். பூங்கொடி இரண்டு முறை பக்கத்தில் போய், இரண்டு முறை திரும்பிவிட்டாள். மூன்றாவது முறை நின்றுவிட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு கண்ணு."

"காலைல நீங்க கதவைத் தட்டுனீங்க."

"ஆமா, தட்டுனேன். பஸ்ல ஒரு மணி நேரம் அடக்கிக்கினு வந்தேன். என் கஷ்டம் எனக்கு."

"அடக்குனா கஷ்டமா இருக்குமா மாமா?"

"இருக்காதா பின்ன? உசிரே போகும்!"

"சுபாஷ் நாலஞ்சு நாளு அடக்குனான்."

கரியப்பன் மாமா டிபன் பாக்ஸைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"தட்டுற சத்தம் கேட்டா அவனுக்கு வர்றது நின்னுடுது மாமா. உங்க கம்பெனில யாராச்சும் தட்டுவாங்களா?"

"தட்டறதாவது! எங்க சூப்பர்வைசர் வெளிய நின்னு வாட்சைப் பாப்பான். அவன் ஷூ சத்தம் கேட்டாலே போதும், வந்ததும் உள்ள போய் ஒளிஞ்சுக்கும்!"

சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"அட, இங்க நான்தான் அந்த சூப்பர்வைசரா?"

"நானும்தான் மாமா. நானும் தட்டியிருக்கேன்" என்றாள் பூங்கொடி. "டாக்டர் அவனைப் பத்து நிமிசம் உக்காரச் சொல்லியிருக்காங்க. சின்ன மஞ்ச வாளி உள்ள போனா அதுவரைக்கும் யாரும் தட்டக்கூடாது. அதைத்தான் கேக்க வந்தேன்."

"பத்து நிமிசமா? அதுக்குள்ள எங்க மெஷின்ல நாப்பது பீஸ் ஓடிடுமே!"

"அப்ப... எட்டு?"

"ஏன் கொறைக்கற? டாக்டரம்மா பத்துன்னா பத்துதான்!"

பூங்கொடி அங்கேயே நிற்கவில்லை. வரிசையாக எல்லா வீட்டுக் கதவுக்கும் போனாள். "பாபுக்குத்தானே? பதினஞ்சு எடுத்துக்கோ" என்றார் மங்கம்மா அக்கா. மணிவேல் அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தான். "எனக்கு ரொம்ப அவசரம்னா?"

"பக்கத்து லைன்ல கேட்டுப் போங்கண்ணா. சுபாஷ் எங்க போவான்?"

மணிவேல் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணி. சுபாஷ் மஞ்சள் வாளியைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வாசலிலேயே நின்றான். "தட்டுவாங்க, நான் போகல" என்றான்.

"தட்டாம நான் பாத்துக்கறேன்."

"நேத்தும் நீ வெளிய நின்னே."

அவன் சொன்னது உண்மைதான். அந்த நேரம் பார்த்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கரியப்பன் மாமா வேகவேகமாக வந்தார். சுபாஷ் பின்வாங்கினான். மாமா வீட்டிலிருந்து எடுத்து வந்த தன் பெரிய வாளியை மஞ்சள் வாளிக்குப் பின்னால் வைத்தார்.

"நீ போ ராஜா. இன்னிக்கு நான் வாட்ச்மேன். ஒருத்தன் கை கதவு மேல படாது."

சுபாஷ் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு உள்ளே போனான்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மாமா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது. மணிவேல் தூக்கக் கலக்கத்தோடு வந்து, பழக்க தோஷத்தில் கதவைத் தட்டக் கையை ஓங்கினான். மாமா அந்தக் கையை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டார்.

"உஷ்ஷ்!"

மங்கம்மா அக்கா துணி துவைப்பதை நிறுத்தினார்.

"கரியப்பன் மாமா, நிக்கிறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிக்கிறேன்டா கண்ணு" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பூங்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது நிமிடம், எல்லோருக்கும் கேட்கும்படி 'பொளக்' என்று ஒரு சத்தம்.

"அக்கா! வந்துடுச்சு! வலிக்கவே இல்ல!"

மங்கம்மா அக்கா ஈரக்கையோடு கைதட்டினார். மணிவேல் விசிலடித்தான். கரியப்பன் மாமா "அப்பாடா!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தார்.

"இருங்க மாமா," என்றது உள்ளிருந்து வந்த குரல், அவசரமே இல்லாமல். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

கரியப்பன் மாமா வாளியைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார். பூங்கொடியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "மெதுவாவே வாடா தம்பி" என்றார்.