வாசல்ல நிக்குற சிமென்ட் பக்கெட்டு

நெரெய்தா தன்னோட டாக்ஸியைத் தெரு முனையில திருப்பும்போதே தூத்தல் போட ஆரம்பிச்சிடுச்சு. சாயங்காலம்தான். ஆனா மெக்ஸிகோ சிட்டியில மழைக்காலச் சாயங்காலம் பொசுக்குன்னு இருட்டிடும்.

தெரு ரெண்டு பக்கமும் காரு. எலி நுழைய இடமில்ல. அவ வாசல்ல மட்டும் ஒரு காருக்கு இடம் காலி. அதைப் பிடிச்சு வைக்கத்தான் பெயிண்ட் பக்கெட்டு ரெண்டுல சிமென்ட் ஊத்தி, நடுவுல துடைப்பக் கட்டையை நட்டு வச்சிருக்கா. அங்க எல்லாருமே செய்யுறதுதான்.

காலையில ஒட்டி ஒட்டி வச்சுட்டுப் போன பக்கெட்டு, இப்ப தள்ளித் தள்ளி நிக்குது.

கோல் போஸ்ட் மாதிரி.

"என்னடி, உன் பக்கெட்டுக்குக் கால் முளைச்சிடுச்சா?" எதிர்ல சோள ரொட்டி சுடுற சாயோ கத்துனா. "என்னைப் பாக்காத. அதைத் தூக்குனா என் இடுப்பு என்னத்துக்காகும்?"

நெரெய்தாவுக்குச் சிரிப்பு வரல.

பசங்க ஓடி ஆட அந்தத் தெருவுல மிஞ்சி இருந்தது இந்தத் துண்டு இடம்தான். அவ வண்டி வெளிய போனதும் இந்தப் பக்கெட்டையே கோலாக்கி ஆடுவாங்க. ஒருநாள் அவ வண்டியை நிறுத்தவும் பந்து வந்து பக்கக் கண்ணாடியை உடைச்சிடுச்சு. "மாடியில போய்த் தொலைங்க!"ன்னு அவளே மாடிப் பூட்டைத் திறந்துவிட்டா. சுத்துச்சுவர் இல்லாத மொட்டை மாடி. சித்லாலின்னு ஒரு பொண்ணு, அவதான் எப்பவும் கோல்ல நிப்பா. பின்னாடியே போய்ப் போய்ப் பந்தைப் பிடிச்சா.

கீழ தெருவுல வந்து விழுற வரைக்கும் பந்தை விடல.

"யாருடி மாடியைத் திறந்துவிட்டது?" கீழ் வீட்டு ரெஃபூஹியோ, சித்லாலியோட அம்மா, இன்னைக்கும் போறவங்க வர்றவங்களை எல்லாம் கேக்குறா. பசங்க அடிக்குப் பயந்து வாயே திறக்கல. நெரெய்தாவும் "தெரியலக்கா"ன்னு சொல்லிட்டா. சாவி அப்பவும் அவ கழுத்துக் கயித்துலதான் கிடந்துச்சு. சட்டைக்குள்ள, ஜில்லுன்னு.

வண்டியை அப்படியே நடுத்தெருவுல விட்டுட்டுப் படியேறுனா. வீட்டுக்குள்ள பையன் நோர்பெர்டோ இல்ல. பால் டம்ளர் பாதி குடிச்ச மேனிக்கு இருக்கு.

மேல டொம்.

கொஞ்ச நேரம் சத்தமில்ல.

டொம்.

மாடிப் படியில ஈர சிமென்ட் வாடை. பூட்டு திறக்கவே இல்ல, பூட்டுன மேனிக்கே கீழ கிடக்கு. கதவு மட்டும் ஆ-ன்னு திறந்திருக்கு.

மாடி ஓரத்துல ரெண்டு பக்கெட்டு.

அவளோடதேதான். இப்பத்தான் கீழ பாத்துட்டு வந்தா.

ரெண்டுக்கும் நடுவுல நோர்பெர்டோ, கையை விரிச்சுக்கிட்டு. முதுகுக்குப் பின்னாடி ஒண்ணுமில்ல. வெறும் மழை.

"அம்மா, ஷ்ஷ். அக்கா பந்தை அடிக்கப் போறா."

"எந்த... எந்த அக்காடா?"

"இத்தனை நாளும் அவதானே நின்னா? இன்னிக்கு என் முறையாம்."

பாஞ்சு போய் அவனை இழுத்து மடியில போட்டுக்கிட்டா. தண்ணி டேங்குக்கு அந்தப் பக்கம் யாரோ காலைத் தேய்க்குற சத்தம்.

"வேணாம் தாயி," டேங்குப் பக்கம் பாத்து மெல்லச் சொன்னா. "கீழ வா. வண்டியை எடுத்துடுறேன். அந்த இடம் உனக்குத்தான்."

சத்தம் நின்னுச்சு.

மறுநாள் வண்டியை எங்கயோ தள்ளிப் போய் நிறுத்துனா. பக்கெட்டு ரெண்டும் தானா தெருவுக்கு வந்திருந்துச்சு, தள்ளித் தள்ளி. பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க ஓடி வந்துட்டாங்க. ஒரே கூச்சல். இதோட முடிஞ்சதுன்னு நெரெய்தா நினைச்சா. சாவியைப் பத்தி இனி யாருக்கும் எதுக்குச் சொல்லணும்?

கோல்ல நிக்க மட்டும் ஒருத்தனும் வரல. காலி கோலுக்கே அடிச்சாங்க.

பந்து பக்கெட்டைத் தாண்டல. பட்டுன்னு நின்னுச்சு, யாரோ நெஞ்சோட அணைச்ச மாதிரி.

பசங்க ரெண்டடி பின்னாடி நகந்தாங்க.

ரெஃபூஹியோ வாசல்ல இருந்து எந்திரிச்சா. காத்தைப் பாத்துக் கேட்டா. "யாரும்மா? யாரு கண்ணு உனக்கு மாடியைத் திறந்துவிட்டது?"

பந்து உருள ஆரம்பிச்சுது. மேட்டுப் பக்கமா ஏறி, நிதானமா, பசங்களைச் சுத்திக்கிட்டு.

நெரெய்தா கால்ல வந்து முட்டி நின்னுச்சு.

தள்ளிவிட்டா. திரும்ப வந்துச்சு.