கதவுக் கண்ணாடி

வடகூடம் நாளன்று செவ்வாய்க் கோளில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. "அப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்பதுதான் வழக்கம். கேட்டவர் தன் காதுக்குப் பின்னால் உள்ள பொத்தானைத் தொடுவார். சொல்பவர் கண்ட அந்த நிமிடம் இவர் கண்ணுக்குள் ஓடும். காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் அக்கம்பக்கத்தாரின் பேரழிவுகளையெல்லாம் பார்த்துவிடலாம்.

வடகூடம் ஒரு குவிமாட நகரம். ஒரு பிற்பகலில் அதன் கூரை பிளந்து, உள்ளே அடைத்திருந்த காற்று வெளியேறியது. அழுத்தம் குறைந்ததும் சுரங்கப்பாதைக் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. அவை அப்படித்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் பக்கத்து நகரமும் போயிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. மங்கையின் கணவன் சேந்தன் அந்தப் பக்கம் இருந்தான்.

ஒவ்வொரு ஆண்டும் அவள் நினைவகத்துக்குப் போய், மக்கள் கொடுத்து வைத்த நினைவுகளில் அவனைத் தேடினாள். யாரோ தோசை திருப்பிக்கொண்டிருந்தார். யாரோ முகத்தில் சோப்பு நுரையோடு திரையைப் பார்த்து வாய் பிளந்தார். நாட்டின் துக்கத்தில் எல்லாரும் இருந்தார்கள். செத்தவர்களைத்தான் எங்கும் காணவில்லை.

இந்த ஆண்டு நினைவகத்தில் வேலை பார்க்கும் ஜெயசீலி வாசலுக்கே ஓடி வந்தாள்.

"மங்கை, கிடைச்சிருச்சுடி! பரஞ்சோதின்னு ஒருத்தர், தெற்கேயிருந்து குடிவந்திருக்கார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னிருக்கார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு. உயரம், தோள், கை வீசுறது எல்லாம் உன் வீட்டுக்காரர்தான்னு கருவி சொல்லுது. ஏதோ பேசுறாராம்."

"என்ன பேசுறார்?"

"உதடு தெளிவாத் தெரிஞ்சா கருவியே படிச்சுச் சொல்லிடும். வா."

பரஞ்சோதி உள்ளே காத்திருந்தார். மங்கையைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார். "பாருங்கம்மா. தெற்கே இதைப் பார்க்காத ஆளே கிடையாது. பார்த்துட்டு அழாம யாரும் போனதில்லை."

மங்கை பொத்தானைத் தொட்டாள்.

மண்டைக்குள் இருக்கும் நினைவுத்துகள் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணில் படுவதையெல்லாம் அது எழுதாது; மனம் ஊன்றியதை மட்டும் எழுதும். ஊன்றிய இடம் மயிரிழை வரை துலங்கும், மற்றது தண்ணீரில் கரைந்த மைபோலக் கிடக்கும். பேருந்து ஜன்னலில் தலைவாரிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போது வெளியே போகும் ஊர் கலங்கிப்போகும்.

கதவின் கண்ணாடியில் பரஞ்சோதியின் முகம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. இமையில் நின்ற நீர், நெற்றியில் புழுதி, நடுங்கும் மீசை. கலைந்த முடியை ஒரு கை ஒதுக்கிவிட்டது. முகம் சற்றே இடப்புறம் திரும்பியது, பின்னால் எரியும் சிவப்பு விளக்கும் கண்ணாடியில் சேர்ந்து விழும்படியாக.

அந்த முகத்தின் வழியே, கண்ணாடிக்கு அப்பால், ஒரு சாம்பல் நிறத் திட்டு கையை உயர்த்தித் தட்டியது. அதற்கு முகம் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ அசைந்தது.

"பெரிசாக்குங்கக்கா."

ஜெயசீலி பெரிதாக்கினாள். திட்டு பெரிய திட்டானது.

"இன்னொரு தரம்."

"எழுதினாத்தானே இருக்கும், மங்கை. அவர் அங்க பார்க்கவே இல்லையேடி."

மங்கை அந்த அசைவை மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். தன் பெயராக இருக்கலாம். தண்ணீர் கேட்டதாகவும் இருக்கலாம். கருவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கன்னத்தில் நீர் வழிந்தது.

அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்த பரஞ்சோதி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் இந்த இடத்துலதாம்மா உடைஞ்சு போவாங்க," என்றார் மெதுவாக. "என் முகத்துல அந்தத் துக்கம் அப்படியே விழுந்திருக்கு, இல்ல?"